ஊட்டியா, கொடையா, கோத்தகிரியா: நடக்கவும் பின்னவும் எங்க போறது?

திருப்பூர்ல இருந்துக்கிட்டு "லீவுக்கு நிட்டிங் பண்ண மலைக்குப் போறோம்"னு சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் "ஏனுங்க, மலை மேலயும் மெஷின் போட்டுட்டீங்களா"ன்னு கேட்டாரு. என் வீட்டுக்காரருக்கு வேலையே நிட்டிங் யூனிட்லதான், வருஷம் பூரா அந்த வட்ட மெஷின் சத்தத்துலயே கிடக்கற மனுஷன், "லீவுலயுமா, என்னை விட்ருங்க சாமி"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. நான் சொன்னது அந்த நிட்டிங் இல்ல. எங்க அத்தை, அதாவது அவரோட அம்மா, ரெண்டு ஊசிய வச்சுக்கிட்டு உல்லன் நூல்ல குல்லா, மப்ளர்லாம் பின்னுவாங்க. பொண்ணுக்கு பதினொரு வயசாகுது, அப்பத்தாகிட்ட கத்துக்கணும்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கா, ஆனா இங்க இருக்கற வெக்கைல உல்லன மடில போட்டாலே வேர்த்து ஊசி வழுக்குது. சரி, குளிர் இருக்கற ஊருக்கே போயிடலாம், காலைல நடக்கலாம், மத்தியானம் வெயில்ல உக்காந்து பின்னலாம், நாலு நாள் போன எடுக்காம இருக்கலாம்னு முடிவாச்சு. எந்த ஊருங்கறதுதான் முடிவாகல. ஒரு மாசமா விசாரிச்சு, பழசா போன ட்ரிப்பையெல்லாம் ஞாபகப்படுத்தி, வீட்ல சண்டை போட்டு, கடைசில ஒரு முடிவுக்கு வந்தோம், அதத்தான் எழுதறேன், இதே மாதிரி யோசனைல யாராச்சும் இருந்தா உதவும்.

மொதல்ல தேதி. நியாயமா மலைக்குக் குளிருக்காகப் போறவங்க ஜனவரி நடுவுலதான் போகணும், மழை முழுசா விட்டிருக்கும், வானம் பளிச்சுன்னு இருக்கும். பொங்கல் லீவுல போலாமேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன், அத்தை என்னைப் பாத்த பார்வை இருக்கே! "பட்டிப்பொங்கல் வைக்காம மலைக்கா"ன்னு ஒரே கேள்வி, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. ஜனவரி ரெண்டாம் தேதி வாக்குல ஸ்கூல் தொறந்துடுவாங்க, அதனால மிச்சம் இருக்கறது அரையாண்டு லீவு மட்டும்தான், டிசம்பர் கடைசி வாரம். அவருக்கும் அதான் வசதி, துணி ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையருங்கெல்லாம் கிறிஸ்துமஸ் லீவுல இருப்பாங்க, போன் தொல்லை கம்மி. ஆனா ஊர் உலகமே மலை ஏறுறதும் அதே வாரம்தான், வாடகையும் அந்த வாரம் டபுளாயிடும். இத மனசுல வச்சுக்கிட்டுதான் மத்ததப் பாக்கணும், ஏன்னா ஜனவரி நடுவுல போறவங்களுக்கு என்னோட முடிவு அப்படியே பொருந்தாது.

ரெண்டாவது, எங்களுக்கு என்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுனோம். வியூ பாயிண்ட், போட்டிங், குதிரை, இதெல்லாம் பையன் எழுதுனது, அவனுக்கு ஆறு வயசு, விடுங்க. நான் எழுதுனது ரெண்டே ரெண்டு. கேட்டத் தொறந்தா வண்டி எடுக்காமயே நடக்க ஒரு வழி இருக்கணும். திண்ணைலயோ வராண்டாலயோ மூணு மணி நேரமாச்சும் வெயில் விழணும். இந்த ரெண்டாவத யாரும் பெருசா நெனைக்க மாட்டாங்க, பின்றவங்களக் கேளுங்க சொல்லுவாங்க. விரல் விறைச்சுப் போச்சுன்னா கண்ணி, அதாவது ஊசில மாட்டற நூல் வளையம், இறுகிடும், அடுத்த வரிசைல ஊசி உள்ள போகாது. வெளிச்சம் இல்லன்னா விட்டுப்போன கண்ணி பத்து வரிசை தாண்டித்தான் கண்ணுல படும். காட்டேஜ் ரூம்ல போட்டிருக்கற மஞ்ச பல்பு இருக்கே, அது சாப்பிடறதுக்கே பத்தாது.

ஏற்காட்ட மொதல்லயே தள்ளிட்டோம், பாவம் நல்ல ஊரு. சேலத்துல இருந்து முப்பது கிலோமீட்டர், இருவது கொண்டை ஊசி, ஒன்றரை மணி நேரத்துல மேல நிக்கலாம், டிசம்பர்ல காப்பிச் செடில பழம் சிவந்து தொங்கும், பறிக்கற சீசன் வேற, தோட்டத்து ஓரமா நடக்க அவ்வளவு நல்லாருக்கும். ஆனா உயரம் 1515 மீட்டர்தான், பகல்ல ஸ்வெட்டர கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் சுத்தணும். குளிர் ஒத்துக்காத பெரியவங்க, கைக்குழந்தை வச்சிருக்கறவங்க, செலவ அடக்கிப் போகணும்ங்கறவங்க ஏற்காட்டுக்கே போங்க, தப்பில்ல. உல்லன் பின்ற மூடு மட்டும் அங்க வராது.

வால்பாறை எனக்கு உசுரு. நாப்பது கொண்டை ஊசியையும் பையன் வாந்தி எடுக்காம தாண்டுனா அன்னைக்கு முருகனுக்குத் தேங்காய்தான். ஆனா வால்பாறைல நடக்கற கதை வேற, தேயிலைத் தோட்டத்துக்குள்ள யானை இருக்கும், சிறுத்தை இருக்கும், குழந்தைங்கள கூட்டிக்கிட்டு "சும்மா ஒரு வாக்கிங்"னு கிளம்பற ஊர் இல்ல அது. புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரம் நின்னு சிங்கவால் குரங்கு பாக்கறது, அது தனி ட்ரிப். மூணாறும் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியா நமக்குப் பக்கம்தான், குளிரும் நல்லாவே இருக்கும், ஆனா டிசம்பர் கடைசில அங்க போறது கூட்டத்தப் பாக்கப் போற மாதிரி. மறையூர் வெல்லம் வாங்கறதுக்குன்னு வேணா ஒரு நாள் போய்ட்டு வரலாம்.

இப்ப கொடைக்கானல். இதுலதான் வீட்ல பெரிய சண்டை, ஏன்னா அவருக்குக் கொடைதான் வேணும். அவர் பக்கமும் நியாயம் இருக்குங்க, மறைக்காம சொல்லிடறேன். நடக்கறதுக்குன்னு மட்டும் பாத்தா கொடைய அடிச்சுக்க முடியாது. மத்த மலையெல்லாம் ஒண்ணு ஏத்தம் இல்லன்னா இறக்கம், கொடைல ஏரியச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் கிட்ட சமதளம், முட்டி வலி இருக்கறவங்ககூட மெதுவா ஒரு பாதி நடந்துட்டு உக்காந்துக்கலாம். அந்த ஏரி தானா வந்ததில்ல, மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல கரை கட்டி உண்டாக்குனது. காலைல ஆறரை மணிக்குப் போயிடணும், தண்ணி மேல பஞ்சு மாதிரி ஆவி போய்ட்டிருக்கும், ஒரு ஈ காக்கா இருக்காது. ஒம்போதர ஆயிடுச்சுன்னா சைக்கிள், குதிரை, சோளம், பஜ்ஜி, ஆரன் சத்தம், அது வேற ஊரு. கோக்கர்ஸ் வாக் அதே மாதிரி, 1872ல போட்ட பாதை, ஒரு கிலோமீட்டர்தான், மலை விளிம்புலயே போகும், மேகம் இல்லாத நாள்ல கீழ சமவெளி விரிஞ்சு கிடக்கறது தெரியும்.

பின்னலுக்கும் கொடைல ஒரு சங்கதி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. ஊர்ல இருந்து பூம்பாறை தாண்டிப் போனா மன்னவனூர்னு ஒரு கிராமம், முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரும். அங்க மத்திய அரசோட செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தோட தென்னிந்திய கிளை இருக்கு, தலைமை நிலையம் ராஜஸ்தான்ல அவிகாநகர்ல. பாரத் மெரினோன்னு ஒரு ஆட்டு இனம் அங்க வளக்கறாங்க. பச்சைப் புல்வெளில உருண்டை உருண்டையா ஆடு மேயறதப் பாத்துட்டு என் பொண்ணு "அம்மா, உல்லன் நடந்து போகுது"ன்னா, அது நாலு வருஷத்துக்கு முந்தி. நூல் எங்க இருந்து வருதுன்னு குழந்தைங்களுக்குக் காட்டணும்னா தமிழ்நாட்டுல இதவிட நல்ல இடம் எனக்குத் தெரியல. போற வழில பூம்பாறை படிக்கட்டு வயல், குழந்தை வேலப்பர் கோயில், வரும்போது ஒரு கட்டு மலைப்பூண்டு, 2019ல புவிசார் குறியீடு வாங்குன அதே பூண்டுதான்.

அப்புறம் ஏன் கொடை வேணாம்னேன்? வழி ஒண்ணு. பழனில இருந்து மேல 65 கிலோமீட்டர் வளைவு, பையன் பாதில முடிஞ்சுடுவான், நார்த்தங்காய் ஊறுகாய்லாம் அவன்கிட்ட செல்லாது. ரெண்டாவது டிசம்பர் மத்தியானம். கொடைல காலைல பளீர்னு இருக்கும், ஒரு மணி ரெண்டு மணிக்கு பள்ளத்தாக்குல இருந்து மேகம் ஏறி ஊரையே மூடிடும், அழகுதான், போட்டோவுக்கு சூப்பர், ஆனா வராண்டால உக்காந்து பின்றவங்களுக்கு அதோட கடை மூடியாச்சு. போன தடவை நாங்க தங்குன காட்டேஜ் (பேர் வேணாம்) "ஏரிக்குப் பக்கம்"னு போட்டிருந்தாங்க, போய்ப் பாத்தா ஏரி தலைக்குக் கீழ செங்குத்தா ஒன்றரை கிலோமீட்டர், இறங்கிடலாம், ஏறும்போது அத்தைய ஆட்டோல வச்சு அனுப்புனோம், ரூம்ல ஜன்னல் வடக்குப் பாத்து, சுவரெல்லாம் ஈரம், கொண்டுபோன நூல் ரெண்டு நாள்ல பூஞ்சை வாடை அடிச்சுது. அது ஊரோட தப்பில்லன்னு தெரியும், ஆனா அத்தைக்கு கொடைன்னாலே இப்ப அந்த வாடைதான் ஞாபகம் வருது, என்ன பண்றது. மதுரை, திண்டுக்கல், தேனிக்காரங்களுக்கு இந்த வழிப் பிரச்சினை கொஞ்சம் கம்மி, நீங்க யோசிக்காம கொடையே போங்க, ஏரில இருந்து நடக்கற தூரத்துல, தெக்கயோ கிழக்கயோ பாத்த ரூமா கேட்டு வாங்கிக்கங்க.

ஊட்டி. பொண்ணோட ஓட்டு இதுக்கு, காரணம் உறைபனி. 2240 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரில ராத்திரி வானம் தெளிவா இருந்துச்சுன்னா காந்தள், தலைகுந்தா மாதிரி பள்ளமான இடத்துல புல்லு மேல வெள்ளையா உப்பு தூவுன மாதிரி பனி உறைஞ்சு கிடக்கும், நிறுத்தி வச்ச கார் கண்ணாடியச் சுரண்டித்தான் எடுக்கணும். தாவரவியல் பூங்கால பூச்செடிங்க கருகாம இருக்கறதுக்கு மிலார் செடிய ஒடிச்சு மேல கூடாரமாட்டம் மூடி வைப்பாங்க. 1848ல ஆரம்பிச்ச பூங்கா அது, கிறிஸ்துமஸ் வாரத்துல புல்வெளில கால் வைக்க எடம் இருக்காது, ஆனா மேல ஏறிப் போனா கூட்டம் பாதிக்கு மேல கழண்டுடும், அதுக்கும் மேல ஒரு மந்து இருக்கு, அதாவது தோடர் பழங்குடிங்களோட குடியிருப்பு. கொஞ்சம் தள்ளி கெய்ர்ன் ஹில், சைப்ரஸ் மரக் காட்டுக்குள்ள பாதை, ஊட்டிலயே எனக்குப் பிடிச்ச நடை அதான், தரையெல்லாம் காஞ்ச ஊசியிலை, காலடிச் சத்தம்கூட கேக்காது.

கைவேலை பிடிச்சவங்களுக்கு ஊட்டில பாக்க வேண்டியது தோடர் எம்பிராய்டரி. பூத்குளின்னு அவங்க போத்திக்கற வெள்ளைத் துணி, அதுல சிவப்பும் கருப்புமா நூல். படம் வரைஞ்சு தைக்கறது கிடையாது, துணியோட இழைய விரலால எண்ணி எண்ணித்தான் போடுவாங்க, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் பாக்கற மாதிரி இருக்கும், 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அத்தை அத கையில வச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "நாமெல்லாம் பின்றது வெளையாட்டு கண்ணு"ன்னாங்க. இன்னொண்ணு, நீலகிரிக்குன்னே ஒரு கம்பளி ஆட்டு இனம் உண்டு, பேரும் நீலகிரி ஆடுதான், பத்தொம்போதாம் நூற்றாண்டுல நம்ம ஊர் ஆட்டையும் மெரினோ மாதிரி வெளிநாட்டு ஆட்டையும் கலந்து உண்டானது, கூடலூர் ரோட்டுப் பக்கம் சாண்டிநல்லால கால்நடைப் பல்கலைக்கழகம் அதுக்குன்னு ஒரு ஆராய்ச்சி நிலையமே வச்சிருக்கு. மன்னவனூர் மாதிரி டூர் போய்ப் பாக்கற இடம்னு நெனச்சுக்காதீங்க, தகவலுக்குச் சொன்னேன்.

ஆனா ஊட்டில தங்கறது? சாயங்காலம் நாலரைக்கு வெயில் மலைக்குப் பின்னால போச்சுன்னா சுருக்குன்னு ஒரு குளிர் எறங்கும் பாருங்க, அஞ்சு மணிக்கு எல்லாரும் ரஜாய்க்குள்ள. நிழல்ல உக்காந்தா மத்தியானமே காது வலிக்கும். பின்றதுக்கு பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும்தான் நேரம், அந்த நேரத்துல நாம சேரிங்கிராஸ்ல டிராபிக்ல நின்னுட்டிருப்போம். இங்க ஒரு விஷயம் முக்கியமா சொல்லணும், எந்த ஊருக்குப் போனாலும் குளிருதுன்னு ரூமுக்குள்ள கரி அடுப்பு மூட்டி கதவ சாத்திக்கிட்டுத் தூங்கிடாதீங்க. கரில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவுக்கு வாடையே இருக்காது, தூக்கத்துலயே ஆள் போயிடும், மலைல இந்த மாதிரி நடந்திருக்கு. கேம்ப் ஃபயர் முடிஞ்சதும் மிச்சக் கரிய சட்டில போட்டு உள்ள கொண்டுபோறாங்க பாருங்க, அதேதான். ரெண்டு கம்பளி சேத்துக் கேளுங்க, வெந்நீர் பை கொண்டுபோங்க.

குன்னூர்ல தங்கலாம்னு ஒரு யோசனை ஓடுச்சு. 1850 மீட்டர், ஊட்டி அளவுக்குக் குத்தாத குளிர், சிம்ஸ் பார்க் இருக்கு, 1874ல உண்டானது, பள்ளத்துக்குள்ள எறங்கற மாதிரி படிப்படியா இருக்கும், பெரிய பெரிய மரம், ஒரு காலை முழுக்க அங்கயே ஓட்டிடலாம். பொம்மை ரயிலும் வாசல்லயே. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 1899ல குன்னூருக்கும் 1908ல ஊட்டிக்கும் வந்துச்சு, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. மேட்டுப்பாளையத்துல ஏறுற டிக்கெட் அந்த வாரத்துக்குக் கிடைக்கறது குதிரைக் கொம்பு, ஆனா குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும் 19 கிலோமீட்டர் துண்டுக்கு அந்த அளவு அடிதடி இல்ல. அந்தத் துண்டுலதான் கேத்தி வரும். இதச் சொல்லியே ஆகணும். அத்தை வச்சிருக்கற ஊசில "போனி"ன்னு எழுதியிருக்கும், பல வருஷமா வச்சிருக்காங்க, ஏதோ வெளிநாட்டு ஊசின்னு நான் நெனச்சிருந்தேன். அது கேத்திப் பக்கம் எல்லநள்ளில இருக்கற நீடில் இண்டஸ்ட்ரீஸ்ல செய்யறது, 1949ல ஆரம்பிச்ச கம்பெனி. பின்ற ஊசி, தைக்கற ஊசி, கொக்கி ஊசி எல்லாம் அங்க இருந்து வெளிநாட்டுக்கே போகுது. மாமா வேலை விஷயமா எட்டு வருஷம் அவங்க கேத்திலதான் இருந்தாங்க, பக்கத்து வீட்டுல இருந்த, நீலகிரி படுகர் இனத்து அம்மா ஒருத்தங்க கத்துக்குடுத்ததுதான் இந்தப் பின்னல். "அந்த ஊர்ல வெயில் வந்தா எல்லா பொம்பளைங்களும் வாசல்ல உக்காந்து பின்னுவோம், வாயும் ஓடும் கையும் ஓடும்"னு சொல்லும்போது அத்தை மொகத்தப் பாக்கணும். பழைய ஊசியோட ஊருக்கே திரும்பப் போறோம்ங்கறது அவங்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனாலும் குன்னூர் டவுனுக்குள்ள தங்குனா இறங்கி நடக்க ரோடுதான், ரோட்டுல வண்டிதான். டவுனுக்கு வெளிய எஸ்டேட் பங்களா மாதிரி போனா வாடகை நம்ம கைக்கு எட்டல. அப்படித்தான் கோத்தகிரிக்கு வந்து நின்னோம்.

கோத்தகிரி மேட்டுப்பாளையத்துல இருந்து 33 கிலோமீட்டர், குன்னூர் மலைப்பாதை மாதிரி லாரியும் பஸ்ஸுமா நசுங்காது. உயரம் ஏறக்குறைய 1800 மீட்டர், தொட்டபெட்டா மலைத்தொடர் ஒரு பக்கம் மறைச்சுக்கறதால ஊட்டி மாதிரி காத்து அறையாது. பகல்ல முதுகுக்கு இதமா வெயில், ராத்திரி ஸ்வெட்டர் கேக்கற குளிர், பின்றதுக்கு அளவெடுத்த மாதிரி. பாக்கறதுக்கு இடம் கம்மின்னு எல்லாரும் சொல்றாங்க, எங்களுக்கு அதான் வேணும், இடம் கம்மின்னா பஸ்ஸு பஸ்ஸா எறங்க மாட்டாங்க. ஒரு நாள் கோடநாடு காட்சி முனை, கீழ மாயாறு வளைஞ்சு போறது தெரியும். இன்னொரு நாள் கன்னேரிமுக்குல ஜான் சல்லிவன் பங்களா, 1819ல கட்டுனது, ஊட்டிக்கே போறதுக்கு முன்னாடி, கோயமுத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் மொதல்ல குடியேறுனது இங்கதான், இப்ப உள்ள சின்ன மியூசியம் இருக்கு. லாங்வுட் சோலைன்னு ஊருக்குப் பக்கத்துலயே ஒரு காடு, 116 ஹெக்டேர், வனத்துறைல அனுமதி வாங்கிட்டு ஆளோட போகணும், பறவை பாக்கறவங்க தேடி வர்ற இடம். மிச்ச நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஓரம், படுகர் ஊருங்க வழியா போற சின்ன ரோடு, நடக்க வேண்டியதுதான். டிசம்பர் கடைசி ஜனவரி ஆரம்பத்துல படுகருங்களோட ஹெத்தையம்மன் பண்டிகை வரும், பேரகணி பக்கம் வெள்ளை உடுத்திக்கிட்டு சாரி சாரியா ஜனம் போகும். அந்த நாள் எதுன்னு வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க, ரோடு நெறைஞ்சிடும், ஆனா ஒதுங்கி நின்னு பாக்க கொடுத்து வச்சிருக்கணும்.

கோத்தகிரிக்குக் குறையே இல்லையான்னா, ரெண்டு பெருசா இருக்கு. ஒண்ணு மழை. நீலகிரில கிழக்குப் பக்கம் இருக்கறதால வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும்தான் போட்டுச் சாத்தும். 2009 நவம்பர்ல இந்தப் பக்கம் சரிஞ்ச மண்ணையும் போன உயிரையும் ஊர்க்காரங்க இன்னும் சொல்லுவாங்க. டிசம்பர் கடைசில பெரும்பாலும் ஓஞ்சிருக்கும், ஆனா ஒரு புயல் சின்னம் கெளம்பிச்சுன்னா நாலு நாளும் ஜன்னல் வழியா மழையப் பாத்துட்டு வர வேண்டியதுதான். அதனால கிளம்பறதுக்கு மொதநாள் வானிலை பாத்துட்டு, ரோடு எப்படின்னு ஓனருக்கு ஒரு போன் போட்டுட்டுத்தான் வண்டியெடுப்போம். ரெண்டாவது மிருகம். காட்டெருமை தோட்டத்துக்குள்ள மாடு மாதிரி நின்னுட்டிருக்கும், சாதுவாத் தெரியும், கிட்ட போயிடாதீங்க. கரடி சாயங்காலம் ஊருக்குள்ளயே வரும். விடிஞ்சு வெயில் வந்தப்புறம் நடக்க ஆரம்பிச்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குள்ள இருக்கணும், இது பையனுக்கு மட்டும் இல்ல, நிலா வெளிச்சத்துல நடக்கலாம்ங்கற என் வீட்டுக்காரருக்கும்தான். கொடைலயும் குன்னூர்லயும் இதே கதைதான், கோத்தகிரில கொஞ்சம் ஜாஸ்தி.

எல்லா ஊருக்கும் பொதுவா ஒண்ணு. நீலகிரிக்கும் கொடைக்கும் சொந்த வண்டில போறதுன்னா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவு. போன்லயே எடுத்துடலாம், செக்போஸ்ட்ல நின்னு தடவிட்டிருக்காம முன்னாடியே எடுத்து வச்சுக்கங்க, அரசு பஸ்ல போனா இந்தக் கவலையே இல்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் மேல ஏத்த விட மாட்டாங்க, வீட்ல இருந்து சில்வர் பாட்டில்ல ரொப்பிக்கங்க.

நூல் விஷயம். "மலைல போய் ஒரிஜினல் உல்லன் வாங்கிப் பின்னலாம்"னு நெனச்சுட்டுப் போகாதீங்க. ஊட்டிலயும் கொடைலயும் கடைல உருண்டையா அடுக்கி வச்சிருக்கறது பெரும்பாலும் லூதியானால இருந்து வர்ற அக்ரிலிக், நாமதான் எல்லாத்தையும் உல்லன்ங்கறோம். அக்ரிலிக் மட்டம்னு சொல்ல வரல, குழந்தைங்களுக்குக் குத்தாது, மெஷின்ல போட்டுத் துவைக்கலாம், விலையும் கம்மி, கத்துக்கறவங்களுக்கு அதான் சரி. வர்த்தமான், ஓஸ்வால் ரெண்டும் திருப்பூர் கோயமுத்தூர்லயே கிடைக்கும், இங்கயே வாங்கிட்டுப் போயிடுங்க, ஒரே கலர்ல ஒரே லாட் நம்பரா பாத்து வாங்குங்க, அங்க போய் பாதில நூல் தீந்தா அதே கலர் கிடைக்காது. கத்துக்கறவங்களுக்கு எட்டாம் நம்பர் ஊசி, அதாவது நாலு மில்லிமீட்டர். நம்ம ஊர் ஊசில நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், பத்தாம் நம்பர் மூணேகால் மில்லிமீட்டர்தான், நான் இது தெரியாம "பெரிய நம்பர் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்து திட்டு வாங்குனேன். கருப்பு, நேவி ப்ளூ வேணவே வேணாம், மலை வெளிச்சத்துல கண்ணி தெரியாது, வெளிர் கலரா எடுங்க. நாலு நாள்ல ஸ்வெட்டர் பின்னிடலாம்னு கெளம்பாதீங்க, ஒரு குல்லா முடிஞ்சாலே பெருசு. ஆறு வயசுக்காரனுக்கு ஊசி குடுத்தா அது வாளாயிடும், அவனுக்கு விரல்லயே பின்ற வித்தை இருக்கு, நாலு விரல்ல மாத்தி மாத்தி நூலச் சுத்தி எடுத்தா கயிறு மாதிரி நீளமா வரும், பொழுது போயிடும்.

என் வீட்டுக்காரர் இதுல எப்படி உள்ள வந்தாருங்கறது தனிக்கதை. ஒரு நாள் பொண்ணு ஒரு வரிசை ப்ளெயின் (நேர்க் கண்ணி) ஒரு வரிசை பர்ல் (திருப்பிப் போடற கண்ணி)னு பழகிட்டிருந்தா, எட்டிப் பாத்துட்டு "அட, இது நம்ம சிங்கிள் ஜெர்சி, பனியன் துணி!"ன்னாரு. போட்டிருந்த பனியன இழுத்துக் காட்டி, கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாரு, இதே 'வி' மாதிரி வரிசை, கழுத்துப் பட்டைல இருக்கறது ரிப், அது ஒரு ப்ளெயின் ஒரு பர்ல்னு மாத்தி மாத்திப் போடறது, அப்பத்தா நாலு நாள் போடறத மெஷின் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போட்டுடும்னு பெருமையா சொன்னாரு. அத்தை நிமிராமயே, "மெஷினுக்கு வெயில் காயத் தெரியுமாடா"ன்னாங்க. அன்னைல இருந்து கொடைக்கானல் பேச்சு எடுக்கறதில்ல.

ஆக, கோத்தகிரில ஒரு படுகர் வீட்டு ஹோம்ஸ்டே, நாலு ராத்திரி, ஒரு நாள் மட்டும் குன்னூர் போய் ரயில் ஏறி கேத்தி வழியா ஊட்டி, பொண்ணுக்கு உறைபனி பாக்கக் கிடைக்காது, ரயில்ல சமாதானம் பண்ணிட்டோம், பையனுக்கு ஊட்டி வர்க்கி ஒரு பாக்கெட். புக் பண்றதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட போன்ல நான் கேட்டது இதுதான்: வராண்டா எந்தத் திசை, காலைல எத்தன மணிக்கு வெயில் வரும், கேட்டுல இருந்து நடந்தா எது வரும், டேபிள் லேம்ப் போட ப்ளக் இருக்கா. அந்தம்மா சிரிச்சுட்டு, "பத்து மணிக்கு எங்க திண்ணைக்கு வெயில் வந்துரும், நாங்களும் அங்கதான் உக்காருவோம், உங்க மாமியாரையும் வரச் சொல்லுங்க"ன்னாங்க. சாப்பாட்டுக்கு அவரைக் குழம்பும் களியும் பண்ணித் தரேன்னிருக்காங்க.

இப்ப ஒரே பிரச்சினை, அத்தைக்குப் பொறுக்கல. பையன் குல்லாவுக்கு தொண்ணூறு கண்ணி போட்டு நேத்தே ஆரம்பிச்சுட்டாங்க, ஃபேன் காத்துல வேர்வையத் தொடச்சுக்கிட்டே கால்வாசி முடிச்சாச்சு, கிளம்ப இன்னும் மூணு வாரம் இருக்கு, சனிக்கிழமை மறுபடியும் நூல் கடைக்குப் போகணும்.